அக்கினி மூலைக்குப் போன ஃபர்னஸ்

நவம்பர் 9, சனி

எரிவாயு வேலை படிப்பித்த வாத்தியார் கடைசி வகுப்பில் சொன்னார்: "செய்த வேலையை அன்றன்றே எழுதி வையுங்கள். ஒருநாள் உங்களைக் காப்பாற்றும்." அதற்காக டொலர் கடையில் நீல அட்டைக் கொப்பி ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் 'குகதாசன், வேலைக் குறிப்புகள்' என்று அழகாக எழுதினேன். நளாயினி எட்டிப் பார்த்தாள்.

"வேலை வந்திட்டுதோ?"

"வரும்."

"வரட்டும். கொப்பி ஓடியா போகப்போகுது" என்றுவிட்டு என் மனைவி கறிக்கு உப்புப் பார்க்கப் போய்விட்டாள்.

கனடாவுக்கு வந்து ஸ்காபரோவில் பத்தொன்பது வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டினேன். தொழிற்சாலையை மூடினார்கள். ஐம்பது வயதில், என் மகனாக இருக்கக்கூடிய பொடியன்களோடு வகுப்பு வாங்கில் இருந்து, குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பூட்டப் படித்தேன். சோதனையில் ஒருமுறை தவறி, பிறகு பாஸ் பண்ணினேன் என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். இந்தக் கொப்பியை வேறு யாரும் வாசிக்கப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்: இரண்டு முறை.

நவம்பர் 11, திங்கள்

வேலை வந்துவிட்டது! என் தங்கை தயாளினி வீட்டில். தங்கை வீடு கணக்கில் வராது என்று நளாயினி சொல்கிறாள். எனக்கு வரும்.

தயாளினிக்கு நாற்பத்தொரு வயது. எட்டு வருடம் ஆஸ்பத்திரியும் கோவிலுமாக அலைந்த பிறகு பிறந்தவள் ஆரபி. ஏழு மாதம். அந்தக் குழந்தைக்கு ஒரு தும்மல் வந்தால் ஏஜக்ஸ் நகரமே அதிரும். இரண்டு கிழமையாகத் தடிமன் மாறவில்லை. தகப்பன் பகீரதன் வீட்டு வரைபடத்தை வாட்ஸ்அப்பில் பிரம்டனில் இருக்கும் வாஸ்து ஐயா ஒருவருக்கு அனுப்பியிருக்கிறான்.

"மச்சான், ஃபர்னஸ் ஈசான மூலையிலை நிக்குதாம். வடகிழக்கிலை நெருப்பு இருந்தா வீட்டிலை பிள்ளையளுக்கு ஆகாதாம். அக்கினி மூலைக்கு மாத்தச் சொல்லிப்போட்டார். ஏலுமோ?"

"ஏன் ஏலாது? தென்கிழக்குத்தானே? வைப்பம்."

"பக்கத்திலை நிக்கிற சுடுதண்ணித் தாங்கி?"

"அவர் என்ன சொன்னவர்?"

"தண்ணி ஈசானத்திலை இருக்கிறது விசேஷமாம். அதை அசைக்க வேண்டாமாம்."

நல்லதாய்ப் போயிற்று, ஒரு வேலை குறைவு. அந்தத் தாங்கிக்கு அடியில் ஃபர்னஸைப் போலவே எரிவாயு எரிகிறது என்பதை நானும் ஐயாவுக்குத் தெரியப்படுத்தவில்லை. பெரிய மனிதரோடு எதற்கு வாக்குவாதம்?

நவம்பர் 14, வியாழன்

அளவெடுக்கப் போனேன். நிலத்துக்குக் கீழே உள்ள பேஸ்மென்டின் தென்கிழக்கு மூலையில் அறை கிடையாது. குடும்ப அறைக்குக் கீழே மூன்றரை அடி உயரத்தில் ஒரு பொந்து இருக்கிறது. நிமிர்த்தி வைக்க வழியில்லை, படுக்க வைக்கவேண்டும். ஆகவே பழைய ஃபர்னஸை எறிந்துவிட்டுப் படுக்கக்கூடிய புதியது வாங்குவது என்று முடிவாயிற்று.

இரவு கையேட்டை வாசித்தேன். நிமிர்ந்து நிற்கலாம். இடப்பக்கம் சரிந்து படுக்கலாம். வலப்பக்கம் படுக்கலாம். மல்லாந்து மட்டும் படுக்கவே கூடாது. நளாயினிக்கு வாசித்துக் காட்டினேன். "உங்களுக்கும் ஆரும் இப்பிடி ஒரு புத்தகம் எழுதியிருக்கலாம். குறட்டை குறைஞ்சிருக்கும்" என்றாள்.

நவம்பர் 16, சனி

என் வாழ்நாளில் இவ்வளவு திறமாக ஒரு வேலை செய்ததில்லை. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

ஃபர்னஸை இடப்பக்கமாகப் படுக்க வைத்தோம். 'தோம்' என்பது மரியாதைக்கு. பகீரதன் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு மேலே போனவன், தேநீருக்குத்தான் திரும்பி வந்தான். உள்ளே ஊறும் தண்ணீர் வடிந்து போவதற்காக முன்பக்கத்தை அரை அங்குலம் பதித்தேன். கீழே தட்டு வைத்தேன். பிறகு வருகிறவன் திறந்து பார்க்க முன்னால் இரண்டரை அடி இடம் விட்டேன். புதிய மாதிரிக்குச் சிம்னி தேவையில்லை. இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள் சுவரைத் துளைத்து வெளியே போகும், ஒன்று காற்றை இழுக்க, மற்றது புகையை விட. இரண்டின் வாயையும் பனி குவியும் உயரத்துக்கு மேலே, யன்னலுக்குத் தூரமாக வைத்தேன். சவர்க்கார நுரை பூசி ஒவ்வொரு மூட்டையும் பார்த்தேன். ஒரு குமிழிகூட இல்லை!

முழங்கால் இரண்டும் தக்காளிப் பழமாகிவிட்டது. நாள் முழுக்கத் தவழ்ந்து வேலை செய்கிற மாமனைப் பார்த்து ஆரபி சிரித்தாள். அவளும் இப்போதுதான் தவழப் பழகுகிறாள். என்னைவிட வேகம்.

முன்பு ஃபர்னஸும் தாங்கியும் ஒரே சிம்னியில்தான் புகை விட்டன. இப்போது முழுச் சிம்னியும் தாங்கிக்கே. மூத்தவன் கல்யாணம் முடித்துப் போனதும் இளையவனுக்குத் தனி அறை கிடைத்த மாதிரி. அதிர்ஷ்டக்காரத் தாங்கி.

நவம்பர் 17, ஞாயிறு

புது ஃபர்னஸுக்குப் பூசை. ஐயர் பொந்துக்குள் குனிய மறுத்துவிட்டதால் பொந்து வாசலில் வைத்தே தேங்காய் உடைத்தார். சாம்பிராணித் தட்டை ஊதியதும் பேஸ்மென்ட் கூரையிலிருந்த எச்சரிக்கைக் கருவி வீரிட்டது. புகைக்கும், கார்பன் மொனொக்சைட் என்ற மணமில்லாத நஞ்சுக் காற்றுக்கும் சேர்த்து அலறுகிற மாதிரி அது. மேலே படியடியில் இருந்ததும் சேர்ந்து அலற, ஆரபி அலற, ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். உரிமம் உள்ள ஆள் அல்லவா?

கதிரையில் ஏறி, மரக்கறிக் கடைப் பை இரண்டை எடுத்து இரண்டு கருவிக்கும் மாட்டி றப்பர் வளையம் போட்டேன். அமைதி. "மச்சான் எண்டா மச்சான்தான்" என்றான் பகீரதன். அன்று இரண்டாவது வடையும் எனக்குத்தான் முதலில் வந்தது.

நவம்பர் 24, ஞாயிறு

பகீரதன் தொலைபேசியில். ஆரபிக்குத் தடிமன் மாறிவிட்டதாம். புகழ் வாஸ்து ஐயாவுக்கு. முழங்கால் எனக்கு.

நவம்பர் 30, சனி

தங்கை வீட்டில் இரவுச் சாப்பாடு. மீன் பொரியல். அடுப்புக்கு மேலே பகீரதன் புதிதாகப் பூட்டியிருக்கும் உறிஞ்சு விசிறியைக் காட்டினான். ஜாக்கெட்டில் மீன் மணம் ஒட்டுகிறது என்று கந்தோரில் யாரோ மூக்கைச் சுளித்தார்களாம், உணவகத்துக்குப் போடுகிற அளவில் ஒன்று வாங்கிவிட்டான். போட்டதும் தாச்சியில் கிடந்த கறிவேப்பிலை எழும்பிப் பறந்தது. குளிருக்கு யன்னல் எல்லாம் இறுக்கப் பூட்டு. மணம் என்றால் பெயருக்கும் இல்லை.

திரும்பி வரும்போது தலை இடித்தது. மூன்று துண்டு மீன் அதிகம்தான்.

டிசம்பர் 5, வியாழன்

தயாளினி தொலைபேசியில் பேசினாள். பகலெல்லாம் களைப்பாம், தலைப்பாரமாம். ஆரபி வழக்கத்தைவிட அதிகம் நித்திரை கொள்கிறாளாம். "நல்ல பிள்ளை, தாயைக் கரைச்சல் படுத்தேல்லை" என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

தங்கை வீட்டு ஃபர்னஸுக்கு வடிகட்டி மாற்றப் போனேன். மாற்ற நாள் வரவில்லை. சும்மா பார்க்க ஆசை. பக்குவமாகப் படுத்துக்கிடந்தது. இரண்டு படம் எடுத்தேன்.

திரும்பும்போது தாங்கியைப் பார்த்தேன். மேலே தண்ணீர்க் குழாயைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் வளையம் உருகி வழிந்திருந்தது. பேஸ்மென்ட் யன்னல் உள்ளுக்குள் வியர்த்திருந்தது. பழைய தாங்கி, பழைய பிளாஸ்டிக். குளிர்காலத்தில் யன்னல் வியர்ப்பதும் புதினம் இல்லை.

கூரையில் பை இன்னும் தொங்கியது. பூசை முடிந்தவுடன் கழற்றச் சொல்லிப் பகீரதனிடம் சொன்னேன் என்று நினைக்கிறேன். சொல்லியிருப்பேன். கழற்றக் கதிரை தேடினேன். அதற்குள் தயாளினி ஆரபிக்குச் சாம்பிராணி காட்டத் தட்டோடு வந்தாள். பிள்ளை பயப்படும், பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

நளாயினி பாத்திரம் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"என்னப்பா, ஒண்டு கவனிச்சனீங்களோ? தயா வீட்டுக்குப் போனா எனக்குத் தலை இடிக்குது. காருக்கை ஏறிப் பத்து நிமிசத்திலை விட்டிடுது."

"அது தயாவின்ரை கதையைக் கேட்டு."

"பகிடி விடாதேங்கோ. அவளுக்கும் இடிக்குதாம். கடைக்குப் போனா சுகமாம்."

நான் சிரித்தேன். பிறகு என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. வெளியே போனால் சுகம், உள்ளே வந்தால் தலையிடி. இதை நான் எங்கோ படித்திருக்கிறேன்.

டிசம்பர் 11, புதன்

வகுப்புக் குறிப்பைத் தேடினேன். கிடைக்கவில்லை. சரியாகத் தேடவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

கிடைத்தது. பக்கம் நாற்பத்தாறு, என் கையெழுத்தில், சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு: 'சிம்னியில் தனித்து விடப்பட்ட தாங்கி.' பெரிய சிம்னியை ஃபர்னஸும் தாங்கியும் சேர்ந்துதான் சூடாக்கி வைத்திருக்கும். ஃபர்னஸை எடுத்துவிட்டால், தாங்கியின் சிறு சூட்டுக்குச் சிம்னி சூடேறாது. புகை மேலே போகாமல் வீட்டுக்குள் இறங்கலாம். வீட்டில் பெரிய உறிஞ்சு விசிறி இருந்தால் அது புகையைக் கீழே இழுத்தே விடும். சிம்னிக்குள் சிறு குழாய் இறக்கவேண்டும், அல்லது தாங்கியையும் மாற்றவேண்டும். இந்தக் கேள்வி சோதனையில் வந்தது. நான் சரியாக எழுதினேன். அதுதான் வெட்கம்.

உடனே தொலைபேசி எடுத்தேன். பகீரதன் எடுத்தான். ஆரபிக்கு முதல் பல் முளைத்துவிட்டதாம். ஞாயிறு காலை பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கு, நாற்பது பேருக்குச் சொல்லியாயிற்று. "மச்சான், உங்கடை கைராசி" என்றான்.

என்னால் சொல்ல முடியவில்லை. சுடுதண்ணீரைக் கொஞ்சம் குறைத்துப் பாவியுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டான். எரிவாயு மிச்சம் என்றேன். கோழை என்பதற்குக் கொப்பியில் வேறு சொல் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

டிசம்பர் 14, சனி

நேற்றுப் போயிருக்கலாம். இன்றும் போயிருக்கலாம். நாளை விடியவே போய், யாரும் பார்க்காமல் சோதித்து, ஒன்றும் இல்லை என்று கண்டு, இந்தப் பக்கங்களைக் கிழித்துவிடுவேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

வரிசை தவறாமல் எழுதப் பார்க்கிறேன்.

காலை எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழே ஒன்பது. சமையலறையில் தயாளினி கொழுக்கட்டை அவித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு அடுப்பில் வடை. விசிறி உச்சத்தில். பகீரதன் மேலே குளித்துக்கொண்டிருந்தான். ஆரபி சமையலறைக்குப் பக்கத்தில் தொட்டிலில் நித்திரை.

"அவள் எழும்புறாள் இல்லை அண்ணை. இண்டைக்கெண்டு பார்த்து நித்திரை" என்றாள் தயாளினி. அவள் முகம் சிவந்திருந்தது. அடுப்புச் சூடு என்றுதான் நான் நினைக்க விரும்பினேன்.

சாமிப் படத்தடியில் இருந்த ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். தாங்கி எரிந்துகொண்டிருந்தது. தாங்கிக்கும் புகைக்குழாய்க்கும் இடையே கையகலத் திறப்பு உண்டு. அதனருகில் பத்தியைப் பிடித்தால் புகை குழாய்க்குள் உறிஞ்சப்பட வேண்டும். பிடித்தேன். புகை என் முகத்துக்குத் திரும்பி வந்தது. சூடான ஈரக் காற்று கன்னத்தில் அடித்தது. இன்னொரு பக்கம் பிடித்தேன். மறுபடியும் முகத்துக்கே. பை மாட்டிய கருவி தலைக்கு மேலே வாயை மூடிக்கொண்டு இருந்தது. மூடியவன் நான்.

தாங்கியின் எரிவாயுக் குமிழை முறுக்கி மூடினேன். படியேறிய மாதிரி நினைவில்லை. தொட்டிலில் இருந்து ஆரபியைத் தூக்கினேன். துணி மாதிரித் தொங்கினாள்.

"எல்லாரும் வெளியிலை! அடுப்பை நிப்பாட்டு! வெளியிலை போங்கோ!"

"அண்ணை, கொழுக்கட்டை..."

"கொழுக்கட்டையை விடு! வீட்டுக்கை நஞ்சுக் காத்து!"

நளாயினி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தயாளினியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பகீரதன் தலையில் நுரையோடு துவாய் கட்டி, மேலே குளிர் ஜாக்கெட் போட்டு வெளியே வந்தான். முதல் விருந்தாளிகள் அப்போதுதான் காரை நிறுத்தினார்கள். அவர்களுடைய காருக்குள் ஆரபியை மடியில் வைத்துக் கன்னத்தைத் தட்டினேன். "பிள்ளை, பிள்ளை" என்றுதான் வாயில் வந்தது, பெயர் வரவில்லை. என் வாழ்க்கையில் அந்த மூன்று நிமிடம் போல நீளமான எதுவும் இல்லை. பிறகு கண்ணைத் திறந்து, என் கண்ணாடியைப் பிடித்து இழுத்து, வீதி முழுக்கக் கேட்க அழுதாள். நானும் அழுதேன். அவளைவிடச் சத்தமாக என்று நளாயினி சொல்கிறாள்.

தீயணைப்புப் படை வந்தது. நஞ்சுக் காற்றை அளக்கும் மானியோடு உள்ளே போன பெண் திரும்பி வந்து, பூச்சியமாக இருக்கவேண்டியது பேஸ்மென்டில் நூற்றெழுபது, தொட்டிலடியில் எண்பத்தைந்து என்றாள். இன்னும் இரண்டு மணித்தியாலம் விட்டிருந்தால், நாற்பது பேரும் உள்ளே இருந்திருந்தால் என்று தொடங்கி என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். தாயையும் பிள்ளையையும் அம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

எரிவாயுக் கொம்பனியில் இருந்து வந்தவர் தாங்கியில் இனி எரிக்கக்கூடாது என்ற சிவப்பு அட்டை கட்டினார். பேனாவோடு கேட்டார்: "ஃபர்னஸை இங்கிருந்து எடுத்தது யார்?"

பகீரதன் என் காதோடு தமிழில் சொன்னான்: "மச்சான், முந்தி இருந்த ஆக்கள் செய்தது எண்டு சொல்லுவம். உங்கடை லைசன்ஸ் போயிடும். ஆரும் கேக்கப்போறதில்லை."

அவன் நல்லவன். பிள்ளை அம்புலன்ஸில் போகும்போதும் என்னைக் காப்பாற்றப் பார்த்தான். எனக்கு அது அடித்ததைவிட நொந்தது.

"நான்தான்" என்றேன். பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். உரிம இலக்கத்தையும். கருவிகளுக்குப் பை மாட்டியது யார் என்று அவர் கேட்கவில்லை. அதையும் சொன்னேன். மூன்று நாளாகத் தெரிந்திருந்தும் வாய் திறக்காததைப் பகீரதனிடம் தமிழில் சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகும் காரில் ஏறினான். என்னை வரச் சொல்லவில்லை.

டிசம்பர் 16, திங்கள்

இருவருக்கும் ஆறு மணித்தியாலம் ஒக்ஸிஜன் கொடுத்தார்கள். இரத்தத்தில் நஞ்சின் அளவு குறைந்துவிட்டது. ஆரபி பால் குடிக்கிறாள். செய்தி நளாயினிக்குத்தான் வந்தது.

டிசம்பர் 17, செவ்வாய்

உரிமம் தருகிற கந்தோருக்கு நேற்று நானே மின்னஞ்சல் அனுப்பினேன். விசாரணை முடியும்வரை ஓர் அடுப்பைக்கூடத் தொடக்கூடாது என்று இன்று பதில் வந்தது. நளாயினி தேநீர் வைக்கச் சொன்னாள். பதிலைக் காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது, அதன்பிறகு வரவில்லை.

அவர்கள் மூவரும் எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறார்கள். வேறெங்கே போவது? தயாளினி என்னைக் கடந்து போகும்போது பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றுகிறாள். அவள் தெரிந்து செய்யவில்லை என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும்.

டிசம்பர் 19, வியாழன்

தயாளினி முதன்முறையாகப் பேசினாள்.

"மூண்டு நாள் தெரிஞ்சிருந்தது, என்ன?"

"ஓம்."

"நான் நாற்பது பேருக்குச் சொல்லியிருந்ததாலையோ?"

"இல்லை. நீங்கள் எல்லாரும் என்னைக் கெட்டிக்காரன் எண்டு சொன்னதாலை."

அவள் பால் போத்தலைக் கழுவினாள். "உங்களை நாங்கள் ஃபர்னஸ் பூட்ட முந்தியும் அண்ணை எண்டுதானே கூப்பிட்டனாங்கள்" என்றாள். மன்னித்துச் சொன்னாளா, குத்திச் சொன்னாளா தெரியவில்லை. இரண்டும் எனக்குத் தகும்.

டிசம்பர் 21, சனி

தாங்கியை மாற்றுகிற நாள். ஸோபியா என்று ஒரு பெண் பூட்ட வந்தாள், முப்பது வயது இருக்கும். புதிய தாங்கி மின்சாரத்தில் ஓடுவது, சிம்னியே வேண்டாம் என்று பகீரதன் முடிவெடுத்தான். வாஸ்து ஐயாவிடம் கேட்டாயா என்று கேட்க வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன்.

என்னையும் வரச் சொன்னது தயாளினி. "ஒண்டையும் தொடாதேங்கோ. நிண்டு பாருங்கோ" என்றாள். நின்றேன். கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு ஐந்து மணித்தியாலம். என் ஃபர்னஸையும் ஸோபியா திறந்து பார்த்தாள். "இது சுத்தமான வேலை" என்றாள். இன்னொரு நாளாயிருந்தால் கொப்பியில் பெட்டி கட்டி எழுதியிருப்பேன்.

புதிய எச்சரிக்கைக் கருவிகள் பூட்டி, பொத்தானை அழுத்தி அலறவிட்டுப் பார்த்தாயிற்று. சிம்னி வாயை அடைத்தாயிற்று. விசிறியை உச்சத்தில் போட்டு, யன்னலெல்லாம் பூட்டி, மானி வைத்துப் பார்த்தாள். பூச்சியம். கையொப்பம் போட்டுவிட்டுப் போனாள்.

வெளியே வீதியோரத்தில் தயாளினி காரில் இருந்தாள், பின் ஆசனத்தில் ஆரபி. யன்னல் கண்ணாடியை இறக்கினாள். பகீரதன் வாசலில் நின்றான், ஸோபியா கொடுத்த தாள் அவன் கையில் இருந்தது. தயாளினி அவனைப் பார்க்கவில்லை.

"அண்ணை, பிள்ளையை உள்ளுக்குக் கொண்டு வரலாமோ?"

இப்படி ஒரு கேள்விக்கு ஓம் என்று சொல்ல எனக்கு அரை விநாடிகூடத் தேவைப்பட்டதில்லை. நாக்கு நுனியில் வந்தும் விட்டது. பூச்சியம் என்று நானே என் கண்ணால் பார்த்தேன்.

"எனக்குப் பயமாக்கிடக்கு தயா. இன்னும் ஒரு மணித்தியாலம் நான் புதுசா வாங்கின மானியோடை உள்ளுக்கை இருந்து பாக்கிறன். பிறகு சொல்லுறன்."

வேண்டாம் என்பாள், கேலி செய்வாள், அல்லது பகீரதனைக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் தலையாட்டினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, கார் ஹீட்டரைக் கூட்டி, பிள்ளைக்குப் பால் போத்தலை எடுத்தாள். நான் உள்ளே போய்த் தொட்டிலடியில் நிலத்தில் இருந்தேன். ஒரு மணித்தியாலமும் அவள் காத்திருந்தாள்.